பெரியவளிடம் கத்திவிட்டு ராத்திரியில் அழுகிறேன்

கேள்வி: எனக்கு வயது 32. பெண்ணுக்கு 4 வயது, பையனுக்கு 8 மாதம். வேலைக்குத் திரும்பி 2 மாதம் ஆகிறது. குழந்தைகளுக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை. அற்ப விஷயத்துக்கெல்லாம் பெரியவளிடம் கத்திவிடுகிறேன். அவள் தூங்கிய பிறகு அழுகிறேன். தியானம் செய்து பார்த்தேன், கண்ணை மூடியதுமே தூங்கிவிடுகிறேன். தாய்மையில் நிறைவு கிடைக்கும் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

பதில்: கண்ணை மூடியதும் தூக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குவோம். மனதைப் பற்றிப் பேசும் முன் உடம்பைப் பார்த்துவிட வேண்டும்.

பிரசவமான முதல் ஓராண்டுக்குள் சிலருக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வரும். முதல் சில மாதம் ஹார்மோன் அதிகமாகக் கசிந்து படபடப்பும் எரிச்சலும் தரும். பிறகு, பெரும்பாலும் 4 முதல் 8 மாதத்துக்குள், அதே ஹார்மோன் குறைந்து அசதி, மந்தம், எதிலும் பிடிப்பின்மை என்று மாறும். கைக்குழந்தைக்காரிக்கு இதெல்லாம் சகஜம் என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிடுவார்கள், அதனால் கண்டுபிடிக்காமலே போகும். டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12 நான்கையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் டீ, காபி, கால்சியம் மாத்திரை எதனுடனும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

அடுத்து, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. பிரசவமான சில நாளில் வரும் அழுகை 2 வாரத்தில் தானாக அடங்கிவிடும். 8 மாதம் கழித்தும் நீடிப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இந்த மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் பயன்பாட்டில் இருக்கும் எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகள். கடந்த 7 நாள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். மருத்துவரிடம் கேட்டு நிரப்புங்கள். 30க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளத்தக்க மருந்துகள் இருக்கின்றன. அந்தப் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தூக்கத்துக்கு ஒரே விதி: விட்டு விட்டு 7 மணி நேரத்தை விட, முதலில் இடையில் அறுபடாத 5 மணி நேரம். 9:30க்குப் பால் கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள். 2:30 வரை குழந்தை வீட்டிலுள்ள இன்னொருவரின் பொறுப்பு. பீய்ச்சி வைத்த பால் ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும், அறை வெப்பத்தில் 4 மணி நேரம். மார்பு கனத்தால் இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடுங்கள். இந்த ஏற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: “பாட்டில் எங்கே?” என்று உங்களை எழுப்புவார்கள். அதனால் வேண்டியதையெல்லாம் படுக்கும் முன்பே ஒரு தட்டில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வாரம் 3 நாளில் தொடங்கினாலும் போதும்.

வேலையைப் பங்கு போடுவதிலும் இதே சிக்கல்தான். குழந்தைக்கு நகம் வெட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்ட ஆகும் நேரம் 5 நிமிடம். நகம் வளர்ந்திருப்பதைக் கவனிப்பது, குளித்த பிறகு நகம் மெத்தென்று இருக்கும் நேரம் பார்ப்பது, நகவெட்டி எங்கே என்று ஞாபகம் வைத்திருப்பது, நேற்று ஒரு கை மட்டும் முடிந்தது என்பதை மறக்காமல் இருப்பது, இவையெல்லாம் உங்கள் தலைக்குள் நாள் முழுக்க ஓடுகின்றன. “கொஞ்சம் வெட்டிவிடுங்களேன்” என்று கேட்டால் அந்த 5 நிமிடம்தான் கைமாறும், பாரம் உங்களிடமே இருக்கும். நகம் என்றால் இனி முழுக்க வீட்டிலுள்ள அந்த இன்னொருவர் பாடு. தடுப்பூசித் தேதிகளையும் அப்படியே கொடுத்துவிடுங்கள். அவர் உங்களைப் போல் செய்ய மாட்டார். அதைத் திருத்தப் போனால் வேலை மறுநாளே உங்களிடம் திரும்பிவிடும்.

இனி பெரியவள். நீங்கள் உங்களை மிகவும் வருத்திக்கொள்கிறீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1950களில் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட், குழந்தைக்கு வேண்டியவள் குறையே இல்லாத தாய் அல்ல, ‘போதுமான அளவு நல்ல தாய்’ என்றார். பிறகு அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் தாயும் சேயும் முகம் பார்த்துக் கொஞ்சுவதைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, நல்ல உறவிலும் இருவரும் ஒத்துப்போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரமே என்று தெரிந்தது. மற்ற நேரமெல்லாம் பிசகுவதும் மறுபடி சேர்வதும்தான். அந்த மறுபடி சேர்தலில்தான் குழந்தைக்கு நம்பிக்கை வேர்விடுகிறது.

நீங்கள் ராத்திரியில் அழுவது அவளுக்குத் தெரியாது. கத்திய அன்றே, அவள் விழித்திருக்கும்போது சேருங்கள். முதலில் ஒரு நிமிடம் தள்ளிப் போய் நின்று, இழுப்பதை விட விடுவது நீளமாக 6 மூச்சு. பிறகு அவள் கண் மட்டத்துக்குக் குனிந்து: “அம்மா கத்திட்டேன். உனக்குப் பயமா இருந்திருக்கும். கத்தினது அம்மா தப்பு.” அவ்வளவுதான். “ஆனா நீயும் செருப்பை...” என்று தொடர்ந்தால் முன்னே சொன்னது அழிந்துவிடும். அவள் முன் உடைந்து அழுது, அவள் உங்களைத் தேற்றும்படியும் வைக்காதீர்கள்.

வேலையிலிருந்து வந்ததும் 10 நிமிடம், போன் வேறு அறையில். விளையாட்டை அவள் நடத்தட்டும். “இது என்ன கலர்?” என்று பாடம் எடுக்காமல், “மேலே ஒண்ணு வைக்கிறே” என்று பார்ப்பதை மட்டும் சொல்லுங்கள். சலிப்பாக இருந்தால் இருக்கட்டும். பாசமும் சலிப்பும் ஒரே மனதில் ஒன்றாகவே இருக்கும். நீங்கள் தேடும் நிறைவு நாள் முழுக்க நீடிப்பதல்ல. இப்படிப்பட்ட நிமிடங்களில் சில நாள் வரும், சில நாள் வராது.

தியானத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உட்கார்ந்ததும் தூக்கம் வந்தால் படுத்துத் தூங்குங்கள்.