மோட்டார்ஹோம் ஃப்ரீசர் கதவு திறக்க மறுக்கிறதா? கேள்வி பதில்

மோட்டார்ஹோம், அதாவது வீடுபோலத் தங்கிப் பயணிக்கும் வண்டி, அதிலிருக்கும் ஃப்ரிட்ஜ்களைப் பழுது பார்ப்பது பல வருடமாக என் வேலை. ஃப்ரீசர் கதவு உறிஞ்சிப் பிடித்துக்கொள்வது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐஸ் எடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். ஒன்றை மறந்துவிட்டோமே என்று உடனே திறக்கப் போனால் அசையவே மாட்டேன் என்கிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த குளிர்காற்று கனமாக இருப்பதால் கீழ்ப்பக்கமாக வழிந்து வெளியே போய்விடுகிறது. அதன் இடத்துக்கு வெளியிலிருந்து சூடான, ஈரமான காற்று வருகிறது. கதவைச் சாத்தியதும் அந்தக் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. அதிலிருந்த நீராவியும் சுவரில் உறைபனியாகப் படிந்துவிடும். உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று கதவை அமுக்கிப் பிடிக்கிறது. உள்ளிருந்து இழுப்பதுபோல நமக்குத் தோன்றினாலும் உண்மையில் அது வெளியிலிருந்து வரும் அமுக்கம்.

கணக்குப் போட்டால் இதன் பலம் புரியும். வெளியே 30 டிகிரி, உள்ளே மைனஸ் 18 டிகிரி. கொஞ்சமும் காற்றுப் புகாத பெட்டியில், அந்த 30 டிகிரிக் காற்று முழுக்கக் குளிர்ந்தால் அழுத்தம் சுமார் 16 சதவீதம் குறையும். நிஜத்தில் அவ்வளவு குறையாது, ரப்பர் ஓரமாகக் காற்று கசிந்து வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒரே ஒரு சதவீதம் குறைந்தாலும், 50 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள சின்னக் கதவின் மேல் ஏறத்தாழ 15 கிலோ எடை அமுக்குவதற்குச் சமம். உங்கள் கதவில் கோளாறு எதுவும் இல்லை. ரப்பர் நன்றாக மூடுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: அப்படி மாட்டிக்கொள்ளும்போது எப்படித் திறப்பது? போன மாதம் வேகமாக இழுத்ததில் பிளாஸ்டிக் கைப்பிடி விரிசல் விட்டுவிட்டது.

முதல் வைத்தியம் காத்திருப்பது. சில நிமிடத்தில் கசிந்து வரும் காற்றே அழுத்தத்தைச் சமன்செய்துவிடும். அப்புறம் கதவு எப்போதும்போலத் திறக்கும்.

அவசரம் என்றால் கைப்பிடியை விட்டுவிடுங்கள். கீல் இல்லாத பக்கத்தின் கீழ் மூலைக்குப் போங்கள். ரப்பரின் மடிப்பை விரல் நுனியால் வெளிப்பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். விரல் நுழையவில்லை என்றால் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ரப்பருக்கும் சட்டத்துக்கும் இடையே படுக்கைவாக்கில் செருகிக் கொஞ்சம் திருப்புங்கள். 'ஸ்ஸ்...' என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். அது நிற்கும்வரை பொறுத்திருந்துவிட்டு இழுங்கள். கதவு தானாகக் கையோடு வரும். வழி ஒரே இடத்தில் கிடைத்தால் போதும், முழுக் கதவோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கத்தி, ஸ்க்ரூடிரைவர் பக்கம் போகவே போகாதீர்கள். ரப்பரில் விழும் ஒரு சின்னக் கீறல், கொஞ்ச நாளில் அந்த இடத்தில் பனிக்கட்டியாகத் தெரியும்.

கேள்வி: எனக்கு வேறு மாதிரி. ராத்திரி முழுக்க மூடியே இருந்த கதவு காலையில் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தும் பயனில்லை.

அப்படியானால் இது உறிஞ்சல் இல்லை. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. சாத்திய உடனே மாட்டிக்கொண்டு சில நிமிடத்தில் விட்டுவிட்டால் அழுத்தம். மணிக்கணக்கில் மூடியிருந்தும் விடாமல் பிடித்தால் ரப்பர் எதனோடோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஐஸ், இல்லையென்றால் பிசுக்கு.

ஐஸ் என்றால் ரப்பர் ஓரத்தில் எங்கோ ஈரக்காற்று புகுந்து உறைகிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ரப்பர் ஓரமாகச் சில நிமிடம் வைத்து எடுங்கள், விட்டுவிடும். ஃப்ரிட்ஜை நிறுத்தி உறைபனியை முழுக்கக் கரைத்த பிறகு, காகிதச் சோதனை செய்யுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் அந்த இடம் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் கசிவு. நான்கு பக்கமும், முக்கியமாக மூலைகளில், காகிதத்தை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். குண்டும் குழியுமான சாலையில் ஓடுகிற வண்டியில் கீல் திருகுகள் தளர்ந்து கதவு ஒரு பக்கம் தொங்கிப்போவது சாதாரணம். ரப்பரை மாற்றும் முன் திருகை முடுக்கிப் பார்த்துவிடுங்கள்.

பிசுக்கு என்றால் ஐஸ்கிரீமோ பழச்சாறோ வழிந்து காய்ந்திருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ரப்பர் மடிப்பையும் அது தொடும் சட்டத்தையும் துடைத்து, சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்த பிறகே மூடுங்கள். துடைத்த ஈரத்தோடு மூடினால் மறுநாள் காலையில் இன்னும் இறுக்கமாக ஒட்டியிருக்கும்.

இன்னொன்று: சில மாடல்களில் கதவுச் சட்டத்தை ஒட்டிச் சின்ன ஹீட்டர் கம்பி ஒன்றும், அதற்குத் தனி ஸ்விட்சும் இருக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அதைப் போட்டு வையுங்கள். பேட்டரியில் ஓடும்போது மட்டும் கணக்காகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அண்ணா, கதவில் சின்னதாக ஒரு துளை போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?

வேண்டாம் தம்பி, தயவுசெய்து போடாதே. கதவுக்குள் இருப்பது நுரை. துளை வழியாக ஈரம் இறங்கினால் நுரை நனைந்து, உறைந்து, குளிரைக் காக்கும் குணத்தையே இழந்துவிடும். சுவரில் போடுவது அதைவிட மோசம். கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் 'அப்ஸார்ப்ஷன்' வகை ஃப்ரிட்ஜ்களின் குழாய்களில் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் அழுத்தத்தில் இருக்கின்றன. குழாயில் ட்ரில் பட்டால் ஃப்ரிட்ஜும் போச்சு, மூடிய வண்டிக்குள் அம்மோனியா மூச்சை முட்டும். ரப்பரில் ஒரு கீற்று வெட்டிவிடுவது, உறிஞ்சுகுழலைச் செருகி வைப்பது எல்லாமும் தப்புதான். நாள் முழுக்க ஈரக்காற்றை உள்ளே விட்டு, உறைபனியை நீயே வளர்க்கிறாய்.

பெரிய குளிர்பதன அறைகளில் அழுத்தத்தைச் சமன்செய்யத் தனி வால்வு வைத்திருப்பார்கள், உறைந்துபோகாமல் இருக்க அதற்குள் ஹீட்டரும் உண்டு. அந்த அமைப்பு இல்லாத வெறும் துளை வேலைக்கு ஆகாது.

கேள்வி: ரப்பரைப் புதிதாக மாற்றியதும் முன்னைவிட அதிகமாக உறிஞ்சுகிறதே?

சரியாகப் பொருத்தியிருக்கிறார்கள். பழைய ரப்பர் கசிந்துகொண்டிருந்ததால்தான் அப்போது எளிதாகத் திறந்தது.

கேள்வி: ரப்பரில் வாசலின் தடவலாமா?

ஐஸும் பிசுக்கும் ஒட்டாமல் இருக்க உதவும். நான் சிலிக்கோன் கிரீஸ் பயன்படுத்துகிறேன், விரலில் தொட்டு மிக மெல்லிய பூச்சாக. ஆனால் உறிஞ்சல் இதனால் குறையாது. ரப்பர் இன்னும் நன்றாகப் படிவதால் கொஞ்சம் கூடவும் செய்யலாம்.

கேள்வி: மலையிலிருந்து இறங்கிய நாட்களில் கதவு அதிகம் இறுகுவதுபோல எனக்கு ஒரு எண்ணம். பிரமையா?

காரணம் இல்லாமல் இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட சுமார் 16 சதவீதம் குறைவு. அங்கே மூடிய கதவோடு கீழே வரும்போது வெளி அழுத்தம் ஏறிக்கொண்டே வரும். ஆனால் இறங்க நேரம் எடுப்பதால் ரப்பர் வழியாகக் கசிந்தே பெரும்பகுதி சமமாகிவிடும். மலை ஏறும்போது சிப்ஸ் பொட்டலம் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கசிய வழியே இல்லை, உங்கள் ஃப்ரீசருக்கு இருக்கிறது.

கேள்வி: ஐயா, அம்மாவுக்கு மூட்டுவலி. விரல்களால் இழுக்கச் சிரமப்படுகிறார். என்ன செய்யலாம்?

உள்ளே காலியிடத்தைக் குறையுங்கள். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் உள்ளே புகும் சூடான காற்று குறைவு, சுருங்குவதும் குறைவு. சாமான் இல்லாதபோது தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும், அதனால் கழுத்துவரை நிரப்பாதீர்கள். வண்டியின் எடை வரம்பும் ஞாபகம் இருக்கட்டும்.

அப்புறம், தேவையானதை எல்லாம் ஒரே தடவையில் எடுத்து, கதவைச் சட்டென்று மூடும் பழக்கம் நிறைய உதவும். அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில் அந்தப் பிளாஸ்டிக் அட்டையை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அவர் இழுக்க வேண்டாம், செருகித் திருப்பினால் போதும்.

கேள்வி: கீழ்க்கதவை அடித்துச் சாத்தினால் மேலே ஃப்ரீசர் கதவு திறந்துகொள்கிறது.

அடித்துச் சாத்தும்போது உள்ளே அமுங்கும் காற்று மேல்கதவை வெளியே தள்ளுகிறது, அல்லது அதிர்ச்சியில் கதவு ரப்பருக்குள் இருக்கும் காந்தம் விடுகிறது. மெதுவாகச் சாத்துங்கள், காகிதச் சோதனையையும் செய்துவிடுங்கள். ஓட்டும்போது பயணத் தாழ்ப்பாள் கட்டாயம்.

கேள்வி: ஆறு மாதம் நிறுத்தி வைத்திருந்த வண்டி. கதவு திறக்கும்போது ரப்பர் பிய்ந்து சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், எளிதாகத் தவிர்த்திருக்கலாம். நீண்ட நாள் அழுந்திக் கிடந்தால் பி.வி.சி. ரப்பரிலிருந்து மென்மையாக்கும் பொருள் கசிந்து பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். புது ரப்பர்தான் வழி. மிச்சத்தை வெந்நீர்த் துணியால் ஊறவைத்துப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டுங்கள்.

அடுத்த முறை நிறுத்தும் முன் உள்ளே துடைத்துக் காயவையுங்கள். பல மாடல்களில் கதவைக் கொஞ்சம் திறந்தபடியே பிடித்துவைக்கத் தாழ்ப்பாளில் இரண்டாவது நிலை ஒன்று இருக்கும். அது இல்லை என்றால் சுருட்டிய துண்டு ஒன்றை இடுக்கில் வைத்துக் கட்டிவிடுங்கள். பூஞ்சையும் பிடிக்காது.