உப்பு பார்ப்பது யார்?

வணக்கம் அம்மா,

நான் பெரம்பூரில் வசிக்கிறேன். மனைவி, பன்னிரண்டு வயதில் மகள், எட்டு வயதில் மகன், என் அம்மா என்று வீட்டில் ஐந்து பேர். ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏதாவது ஒரு நாட்டின் சாப்பாட்டை வீட்டிலேயே சமைக்கிறோம். உலக வரைபடத்தில் பிள்ளைகள் விரல் வைக்கும் நாடுதான் அந்த வாரச் சமையல். இத்தாலியின் பாஸ்தா, ஜப்பானின் மீசோ சூப், லெபனானின் ஹம்மஸ் எல்லாம் நன்றாகவே வந்தன. கடையில் வாங்கிய மக்காச்சோள மாவில் தட்டிய மெக்சிகோ டார்ட்டியா ரொட்டி விண்டு விண்டு போனது. எத்தியோப்பியாவின் இஞ்செரா என்ற தோசைக்கு டெஃப் என்ற சிறுதானிய மாவு கிடைக்காமல், மைதாவில் சோடா உப்பு போட்டு ஊற்றினோம். ரப்பர் மாதிரி இருந்தது.

அந்தந்த ஊர்ப் பொருள் இல்லாமல் செய்வதெல்லாம் போலி என்கிறார் என் நண்பர். சரிதானா? பொருட்கள் சென்னையில் எங்கே கிடைக்கும்? பிள்ளைகளுக்கு நம் சாப்பாட்டு ருசி மறந்துவிடுமா? அம்மா மட்டும் இதில் சேருவதில்லை. ஆடி மாதம் கூழ் காய்ச்சித் தெருவுக்கே ஊற்றுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரசம் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறார். வயதானவர்கள் புதிதாக எதையும் ஏற்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டோம்.

பெயர் வேண்டாம், பெரம்பூர்.

அன்புள்ள தம்பி,

நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருப்பது, கேள்வியாகக் கேட்காமல் கடைசியில் எழுதிவிட்டுப் போன அம்மா விஷயத்தை. மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பொருள் எங்கே கிடைக்கும் என்பதைப் போனில் தேடிக்கொள்ளுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்து கொரியக் குடும்பங்கள் இங்கே குடியேறிய பிறகு, அவர்கள் ஊர் மிளகாய் விழுதுகூட சென்னையில் கிடைக்கிறது.

ருசி மறக்காது. மிளகாய் போர்த்துக்கீசியர் காலத்தில் கடல் தாண்டி வந்தது; நாம் மிளகை வைத்து அதற்குப் பெயர் சூட்டிக்கொண்டோம். பறங்கிக்காயின் பெயரிலேயே பறங்கியர் இருக்கிறார்கள். மணிலாக்கொட்டையில் மணிலா இருக்கிறது. திவசச் சமையலில் இன்றைக்கும் மிளகாய் போடாமல் மிளகு மட்டும் சேர்க்கும் வீடுகள் உண்டு. உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் அன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள். எது பின்னால் வந்தது என்ற நினைவு அந்த ஒரு நாள் சமையலில் மட்டும் மிச்சம் இருக்கிறது. மற்ற நாளெல்லாம் அவை நம்முடையவைதான். உங்கள் பிள்ளைகள் பாஸ்தாவும் சாப்பிடட்டும், வத்தக்குழம்பும் சாப்பிடட்டும்.

அப்புறம், போலி என்று சொன்ன அந்த நண்பர். அவருக்கு என் பெரியம்மாவின் கதையைச் சொல்லுங்கள்.

பெரியம்மா பர்மாவில், ரங்கூனில் வாழ்ந்தவர். 1962-இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள், அதில் பெரும் பகுதி தமிழர்கள், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். பெரியம்மா இரண்டு பிள்ளைகளோடும் ஒரு தகரப் பெட்டியோடும் மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியது 1965-இல். எனக்கு அப்போது ஒன்பது வயது. வியாசர்பாடியில் அவருக்கு வீடு அமையும்வரை, எட்டு மாதம், புளியந்தோப்பில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் எல்லோரும் இருந்தோம். ஒரே அடுப்பு. அது என் அம்மாவின் அடுப்பு.

வந்த முதல் மாதம் பெரியம்மா சமைக்கவே இல்லை. அம்மா போட்டதைச் சாப்பிட்டார், பாத்திரம் கழுவினார், பிள்ளைகளுக்குத் தலை வாரினார். ஒரு நாள் அவருடைய சின்ன மகன் காய்ச்சலில் படுத்துக்கொண்டு மொகிங்கா வேண்டும் என்று அழுதான். பர்மாவில் காலையில் தெருவுக்குத் தெரு விற்கும் சாப்பாடு அது. கெளுத்தி மீனை வேகவைத்து முள் எடுத்து, எலுமிச்சம்புல்லும் இஞ்சியும் பூண்டும் வாழைத்தண்டும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, வறுத்த அரிசி மாவால் கெட்டியாக்கி, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றுவார்கள். ஙாப்பி என்ற மீன் விழுதுதான் அதற்கு வாசனை.

எங்கள் வீட்டில் கெளுத்தியும் வாழைத்தண்டும் தவிர எதற்கும் வழியில்லை. எலுமிச்சம்புல்லை எங்கே போய்த் தேடுவது? பெரியம்மா சும்மா உட்கார்ந்து யோசித்தார். பிறகு அம்மாவிடம், "ஙாப்பி எதுக்குன்னா, மீன் அழுகாம புளிச்ச மாதிரி ஒரு வாசம் வரணும், அடிநாக்குல உப்பு நிக்கணும். உங்கிட்ட அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பரணிலிருந்து நெத்திலிக் கருவாட்டை எடுத்து, வறுத்து, அம்மியில் நுணுக்கிக் கொடுத்தார். எலுமிச்சம்புல்லுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு நாரத்தை மரத்திலிருந்து இலை பறித்துவர என்னை அனுப்பினார்கள். நூடுல்ஸுக்கு இடியாப்பம். மேலே நொறுக்கிப் போட, டப்பாவில் இருந்த தட்டை.

"வாழைத்தண்டைப் போய் மீனோட போடுவாங்களா?" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் நறுக்கினார். கொதி வந்ததும் பெரியம்மா கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, அம்மாவின் உள்ளங்கையில் விட்டார். "உப்பு பாரு" என்றார்.

என் அம்மாவுக்கு அந்தக் குழம்பு தெரியாது. அது எந்த உப்பில் நிற்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு சரி, புளிப்பு பத்தல" என்றார். பெரியம்மா எலுமிச்சம்பழம் பிழிந்தார். அன்றிலிருந்து அந்த அடுப்பு இரண்டு பேருடைய அடுப்பு ஆனது. ஒன்பது வயதில் இதெல்லாம் எனக்குப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உள்ளங்கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது நான் கேட்கிறேன். ஒரு வருடத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கும்! உங்கள் அடுப்பில் எத்தனை நாடு வெந்திருக்கும்! அதில் ஒரு நாளாவது அம்மாவிடம் கரண்டியை நீட்டி உப்பு பார்க்கச் சொன்னீர்களா?

சொல்லியிருக்க மாட்டீர்கள். தயாரான பிறகு, "அம்மா, டேஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று தட்டை நீட்டியிருப்பீர்கள். அது விருந்தாளிக்குச் செய்வது. நம் வீடுகளில் உப்பு பார்ப்பவர் யாரோ அவருடையதுதான் அந்தச் சமையல். கூடுதலா குறைவா என்று சொல்லவும், இன்னொரு கொதி விடு என்று சொல்லவும், இறக்கு என்று சொல்லவும் அவருக்குத்தான் உரிமை. நாற்பது வருடம் அந்த உரிமையோடு நின்ற இடத்தில், வாரத்துக்கு ஒரு நாள் நான்கு பேர் போனைப் பார்த்து அளந்து போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். அவருக்கு அங்கே வேலை இல்லை. அவர் ரசத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகாமல் என்ன செய்வார்? அன்றைக்கு அவ்வளவு பாத்திரத்தையும் யார் கழுவுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் எனக்கு எழுதுங்கள்.

இஞ்செரா கதையைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. இஞ்செரா என்பது புளித்த மாவு, தம்பி. டெஃப் மாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய மாவில் கொஞ்சம் விட்டு, இரண்டு மூன்று நாள் புளிக்க விடுகிறார்கள். மேலே மஞ்சளாகத் தண்ணீர் நிற்கும். அதை இறுத்துவிட்டு, மாவில் ஒரு பங்கை எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சித் திரும்ப அதிலேயே கலக்குகிறார்கள். பெரிய வட்டக் கல்லில் ஊற்றி, மூடிபோட்டு, ஒரு பக்கம் மட்டும் வேகவிடுவார்கள். மேலெல்லாம் கண் கண்ணாகத் திறந்திருக்க வேண்டும். இதில் உங்கள் அம்மாவுக்குத் தெரியாதது எது? மாவு புளிக்க வைப்பதா, கஞ்சி காய்ச்சிக் கலப்பதா, ஆப்பத்தை மூடிவைத்து ஒரு பக்கம் வேகவிடுவதா? இத்தனையும் கையில் வைத்திருக்கிற மனுஷி அடுத்த அறையில் உட்கார்ந்திருக்க, நீங்கள் மைதாவில் சோடா உப்பைக் கொட்டியிருக்கிறீர்கள்!

இன்னொன்றும் சொல்கிறேன். அவர் ஆடியில் காய்ச்சுகிற கூழின் கேழ்வரகுக்குப் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். எத்தியோப்பியாவில் இன்றும் கேழ்வரகு மாவு கலந்து இஞ்செரா சுடுகிறார்கள். டெஃப் இல்லாத வீட்டில் அதற்கு மிக நெருங்கிய பொருள் உங்கள் அம்மாவின் கூழ்ப்பானையில் இருந்தது. பல ஆயிரம் வருடம் முன்னால் புறப்பட்டு வந்த தானியம் அது. அதைக் கேட்காமல் மாவு கிடைக்கவில்லை என்று எழுதுகிறீர்கள்.

உங்கள் நண்பருக்கும் பதில் இதில்தான். பொருளை மாற்றலாம், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று தெரிந்து மாற்ற வேண்டும். உங்கள் டார்ட்டியா ஏன் விண்டுபோனது? மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவிட்ட பிறகுதான் அரைக்கிறார்கள். அதனால்தான் அந்த மாவு ஒட்டும், தட்ட வரும். அதிலுள்ள நியாசின் சத்து உடம்பில் சேருவதும் அந்தச் சுண்ணாம்பால்தான். ஐரோப்பாவுக்கு மக்காச்சோளம் போனது, சுண்ணாம்பு போகவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, புத்தி பேதலித்து, பெலாக்ரா என்ற நோய் வந்தது. தானியத்தை வாங்கிக்கொண்டார்கள், அதை ஆக்கிய பெண்களிடம் எப்படி என்று கேட்கவில்லை. உங்கள் வீட்டில் அதே தவறு சின்ன அளவில் நடக்கிறது.

கடுமையாக எழுதிவிட்டேன். நீங்கள் நல்ல பிள்ளை என்று எனக்குத் தெரிகிறது. வாரத்தில் ஒரு நாள் மகனையும் மகளையும் அடுப்படியில் நிறுத்தி வெங்காயம் உரிக்க வைக்கிற அப்பாக்கள் எத்தனை பேர்? எட்டு வயதுப் பையன் வரைபடத்தில் எத்தியோப்பியாவைக் காட்டுகிறான் என்றால் அதை விட்டுவிடாதீர்கள்.

பெரியம்மா பிறகு வியாசர்பாடிக்குப் போய்விட்டார். பர்மா பஜார் பக்கம் போகும்போதெல்லாம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடையில் நின்று என்னைச் சாப்பிட வைப்பார். அங்கே வாழைத்தண்டு சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கும்போது முகம் மாறும், எதுவும் சொல்ல மாட்டார். அவர் இறந்த முதல் வருடப் படையலில், வடை பாயசத்தோடு இலை ஓரத்தில் ஒரு கிண்ணம் மொகிங்காவையும் என் அம்மா வைத்தார். படையலுக்குச் சமைக்கும்போது உப்பு பார்க்கக் கூடாது அல்லவா? பார்க்காமலேதான் இறக்கினார். பிறகு நாங்கள் சாப்பிட்டோம். உப்பும் சரியாக இருந்தது, புளிப்பும் சரியாக இருந்தது.

வரும் வெள்ளிக்கிழமை காலையில் கேழ்வரகு மாவு அரைக் கிலோ வாங்கி அம்மாவிடம் கொடுங்கள். எத்தியோப்பியாவில் இப்படிப் புளிக்க வைக்கிறார்களாம், நம் வெயிலுக்கு எத்தனை நாள் போதும் என்று அவரிடம் கேளுங்கள். பழைய தோசை மாவு ஒரு கரண்டி விடலாமா என்று அவரே சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலை மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது அவராக இருக்கட்டும், பேத்தி பக்கத்தில் நிற்கட்டும். தொட்டுக்கொள்ள வைக்கும் பருப்புக் குழம்பு கொதிக்கும்போது கரண்டியை அவரிடம் நீட்டுங்கள்.

அதற்குப் பிறகும் அவருக்கு ரசம் சோறுதான் வேண்டும் என்றால், ரசச் சட்டியையும் இஞ்செரா தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து, அவரையும் அங்கேயே உட்காரச் சொல்லுங்கள். பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள்.

அன்புடன்.