ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் அசதி தீரவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 42. தமிழ்நாட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சைவ உணவுதான். ஏறக்குறைய ஓராண்டாக ஓயாத அசதி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்கியதாகவே தோன்றுவதில்லை. இரண்டாவது மாடி வகுப்பறைக்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடியும் கொட்டுகிறது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.2, தைராய்டு சரி, மூன்று மாதச் சர்க்கரை அளவு மட்டும் 5.9 என்று வந்தது. “எல்லாம் நார்மல், வயதுக்கேற்ற சோர்வுதான்” என்று சொல்லிவிட்டார்கள். இரும்புச்சத்து டானிக் சில நாள் குடித்தேன். மலச்சிக்கல் வந்ததால் நிறுத்திவிட்டேன். மாதவிடாய் இப்போது எட்டு நாள் வரை நீள்கிறது. இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது: பச்சரிசியை அள்ளி மெல்லும் பழக்கம் வந்திருக்கிறது. முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளலாமா? சத்து ஊசியோ டிரிப்ஸோ போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூச்சப்பட்டுக் கடைசியில் எழுதியிருக்கும் அந்த இரண்டு வரிகள்தான், உங்கள் பரிசோதனை அறிக்கை முழுவதையும்விட எனக்கு அதிகம் சொல்கின்றன. பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ்கட்டி போன்றவற்றைத் தின்னத் தோன்றுவது கெட்ட பழக்கமோ மனக்கோளாறோ அல்ல. இரும்புச்சத்துக் குறைபாட்டில் அடிக்கடி காணப்படும் அறிகுறி அது. எட்டு நாள் நீளும் மாதவிடாயையும் அதனுடன் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு முதலில் செய்ய வேண்டிய பரிசோதனை எது என்பதில் எனக்கு அதிகக் குழப்பம் இல்லை. ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) அளவைப் பாருங்கள்.

ஹீமோகுளோபின் 12.2 என்பது நார்மல்தானே என்று நீங்கள் கேட்கலாம். கர்ப்பமில்லாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருப்பதால், அந்த வரையறைப்படி உங்களுக்கு ரத்தசோகை இல்லை. ஆனால் உடலில் இரும்பு குறையும்போது ஹீமோகுளோபின் முதலில் குறைவதில்லை. கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ள சேமிப்பு முதலில் கரைகிறது. களஞ்சியம் காலியான பிறகும் அடுக்களைப் பானையில் சில நாளுக்கு அரிசி இருப்பதைப்போல, சேமிப்பு தீர்ந்த பின்னும் ஹீமோகுளோபின் சில காலம் தாக்குப்பிடிக்கிறது. இதற்கிடையில் தசைகளும் மூளையும் தங்கள் வேலைக்குத் தேவையான இரும்பு போதாமல் தவிக்கத் தொடங்குவதால், ரத்தசோகை வருவதற்கு முன்பே அசதியும் முடி உதிர்வும் கவனக்குறைவும் தலைகாட்டலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. அந்த எண்ணிக்கையே பெரிது. உங்களைப்போல எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவர்கள் அதில் சேரவே இல்லை.

இந்தச் சேமிப்பைக் காட்டும் அளவுதான் ஃபெரிட்டின். நலமாக உள்ள பெரியவர்களுக்கு அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது; அறிகுறிகள் உள்ளவர்களிடம் 30-க்குக் கீழே இருந்தாலே சிகிச்சையைத் தொடங்கும் மருத்துவர்கள் பலர், நானும் அப்படித்தான். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், சளி, காய்ச்சல் அடங்கிச் சில வாரங்கள் கழித்துப் பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரை 5.9 என்று வந்ததற்கும் இதில் தொடர்பு இருக்கலாம். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அந்தப் பரிசோதனை உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்த்துவிட்டு, இரும்பு சரியான பிறகு ஒருமுறை மீண்டும் பார்க்காமல் “எனக்குச் சர்க்கரையின் ஆரம்பம்” என்று முடிவுகட்ட வேண்டாம்.

இரும்பு எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. உணவிலிருந்து நம் உடல் ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்வது சுமார் 1 முதல் 2 மில்லிகிராம்தான். மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் ரத்தம் போனால் அதை அதிகம் என்கிறோம். அந்த அளவிலேயே 30 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போய்விடுகிறது என்றால், அதை ஈடுகட்ட உணவு எவ்வளவு திணறும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மில்லிலிட்டரில் யாரும் அளப்பதில்லை. ஏழு நாளுக்கு மேல் நீள்வது, மணிக்கொருமுறையோ இரண்டு மணிக்கொருமுறையோ நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, இரவில் எழுந்து மாற்றுவது, பெரிய கட்டிகளாக வருவது ஆகியவை போதுமான அடையாளங்கள். நாற்பதைக் கடந்தால் இப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள், அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கருப்பையில் நார்க்கட்டி, உள்வரிச் சவ்வின் தடிப்பு போன்ற காரணங்கள் இருக்கலாம் என்பதால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். கசிவை அடைக்காமல் மாத்திரை மட்டும் விழுங்கினால், நிறுத்திய சில மாதங்களில் பழைய நிலைக்கே வருவீர்கள். மூலத்தில் ரத்தம் போகிறதா, மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ வலி மாத்திரைகளை அடிக்கடி சாப்பிடுகிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். (இதே குறைபாடு ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ வந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று எண்டோஸ்கோபி வரை பார்க்க வேண்டியிருக்கும்.)

ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் மாத்திரைதான் முதல் சிகிச்சை. தினம் இரண்டு மூன்று வேளை கொடுக்கும் பழைய வழக்கத்துக்கு இப்போது அவசியமில்லை. ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் சுமார் ஒரு நாளுக்கு உயர்ந்து நின்று, அடுத்து வரும் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது; உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் இரும்புதான் வயிற்று எரிச்சலுக்கும் மலச்சிக்கலுக்கும் பெரும்பாலும் காரணம். எனவே உங்களைப்போல ரத்தசோகை இல்லாதவர்களுக்கு, 60 முதல் 100 மில்லிகிராம் வரை இரும்பு உள்ள ஒரு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதே பொருத்தம். மாத்திரையின் பெயரோடு உள்ள எடை வேறு, அதிலுள்ள இரும்பின் எடை வேறு என்பதால் அளவை மருத்துவரே எழுதித் தரட்டும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்குங்கள். காபி, டீ, பால் எதுவானாலும் குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், கால்சியம் மாத்திரை இருந்தால் அதை இரவுக்கு மாற்றுங்கள். நம் ஊரில் இரும்பு மாத்திரை வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் அந்தக் காலைக் காபியே காரணம் என்பது என் அனுபவம். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அசதி சில வாரங்களில் குறையத் தொடங்கலாம், ஆனால் அதோடு நிறுத்திவிடாமல் சேமிப்பு நிரம்புவதற்காக மூன்று மாதமாவது தொடர்ந்து, பிறகு ஃபெரிட்டினை மீண்டும் பாருங்கள். நரம்புவழி இரும்பு ஊசி, மாத்திரையை உடல் ஏற்காதவர்களுக்கும் ரத்தப்போக்கு மிக அதிகமாக உள்ளவர்களுக்கும் நல்ல சிகிச்சை. மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் கிளினிக்குகளில் ஏற்றும் மஞ்சள் நிற ‘சத்து டிரிப்ஸ்’ என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது உங்களுக்கு வேண்டாம்.

உணவில் கீரை, கேழ்வரகு, கம்பு, எள், பயறு வகைகள் இருக்கட்டும். அவற்றுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் தாவர உணவிலுள்ள இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தை நம்பிய கணக்கு. இரண்டிலும் இரும்பு மிகக் குறைவு.

சைவ உணவுக்காரரான உங்களுக்கு வைட்டமின் பி12 அளவையும் கூடவே பார்த்துவிட வேண்டும், அதுவும் பாதம் மரத்துப்போவதோ எரிவதோ இருந்தால் கட்டாயமாக. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுநாள் சாப்பிடுவோருக்கு இரும்பு, பி12 இரண்டுமே குறையலாம். இரண்டும் சரியாக இருந்தாலோ, அவை சரியான பிறகும் அசதி நீடித்தாலோ, அப்போது வேறு திசையில் பார்க்க வேண்டும். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்றும், எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் மனச்சோர்வா என்றும் ஆராய வேண்டும். சிறிய உழைப்புக்குப் பிறகு மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் விழும் அளவுக்கு அசதி கூடுகிறது என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் நாட்பட்ட களைப்பு நோயின் முக்கிய அடையாளம் அது, அந்த நோய் உள்ளவர்களை உடற்பயிற்சி செய்யச் சொல்லி விரட்டுவது கெடுதல். எடை குறைவது, மாலைக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத்திணறல், தார்போலப் பிசுபிசுப்பான மலம் (இரும்பு மாத்திரையால் வரும் வெறும் கறுப்பு நிறம் அல்ல) ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

முழு உடல் பரிசோதனைக்குப் பணம் கட்டுமுன், அந்தப் பட்டியலில் ஃபெரிட்டின் இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் இருப்பதில்லை. ஃபெரிட்டின், பி12, முழு ரத்த அணு எண்ணிக்கை, வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய நான்கும், ஒரு ஸ்கேனும் இப்போதைக்குப் போதும். மருத்துவரிடம் போகும்போது கடந்த மாதவிடாயில் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை நாப்கின் என்று குறித்த தாளையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். பச்சரிசி மெல்லுவதை அவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.