காதுக்குள்ள கமரா விட்டுப் பாத்தா பிள்ளைக்கு ஏன் காதுவலி எண்டு தெரியுமா?

நான் டொக்டர் இல்ல, அதை முதலே சொல்லிப்போடுறன். திருகோணமலை டவுனுக்குள்ள போன் ரிப்பயர் கடை வச்சிருக்கிறன், ரெண்டு பிள்ளையள். நீங்க கேட்டது ரெண்டு விசயம், அடிக்கடி காதுவலி வாற உங்கட மகளுக்கு ஒன்லைன்ல மலிவா வாற காதுக் கமராவை வாங்கலாமா, வெளிநாட்டில வந்திருக்கிற புது ஸ்கேன் கருவியள் உண்மையில பிரயோசனமா எண்டு. முதலாவதுக்கு நான் காசு குடுத்துப் படிச்ச பாடம் இருக்கு. ரெண்டாவது, அதுக்குப் பிறகு ராத்திரி ராத்திரியா தேடி வாசிச்சது.

மாரி தொடங்கின நேரம் சின்னவனுக்குத் தடிமன் பிடிச்சுது, அவனுக்கு அப்ப நாலு வயசு, மூண்டாம் நாள் ராத்திரி காதைப் பொத்திக்கொண்டு ஒரே அழுகை. மாமி உள்ளி போட்டு எண்ணெய் காய்ச்சி ரெண்டு துளி விடுவம் எண்டு நிண்டா, நான் விடேல்ல, என்னட்டத்தான் கமரா இருக்கே எண்ட கெப்பர். பேனை மாதிரி ஒரு சாமான், நுனியில லைட், வைஃபையில போனுக்குப் படம் வரும். விட்டுப் பாத்தா காதுச் சவ்வு செக்கச்செவேல் எண்டு இருக்கு. அவ்வளவுதான், இன்பெக்‌ஷன் எண்டு நானே முடிவெடுத்து, மூத்தவளுக்குத் தந்து மிச்சம் கிடந்த அன்டிபயோட்டிக்கைக் கரைக்கப் போக மனுசிதான் போத்தலைப் பறிச்சவ. இதுக்கிடையில அவன் தலையை வெடுக்கெண்டு திருப்ப நுனி கீறி ஒரு பொட்டு ரத்தமும் வந்திட்டுது. அது முழுக்க என்ர பிழை.

விடிய கிளினிக்குக்குக் கொண்டுபோனம். அந்த டொக்டர் காது பாக்கிற ரோச்சில ஒரு ரப்பர் பந்தைக் கொழுவி அமத்தி அமத்திக் காத்து விட்டுப் பாத்தார். பாத்திட்டுச் சொன்னார், "சவ்வு நல்லா அசையுது தம்பி, பின்னால தண்ணி இல்ல. காய்ச்சலோட ராத்திரி முழுக்க அழுத பிள்ளைக்கு சவ்வு சிவக்கத்தான் செய்யும். இப்ப நோகிறது நீங்க கீறின இடம்." பனடோல் மட்டும் தந்து அனுப்பினார்.

ரெண்டு மாசத்துக்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் விசேசம். முன்பள்ளி ரீச்சர் சொன்னா, பின்னாலயிருந்து கூப்பிட்டா மகன் திரும்பிப் பாக்கிறான் இல்ல எண்டு. வீட்டில டிவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்கிறான், நாங்க குழப்படி எண்டு நினைச்சு ஏசிக்கொண்டு இருந்திருக்கிறம் பாருங்கோ. வலி இல்ல, காய்ச்சல் இல்ல. கமரா விட்டுப் பாத்தன், இந்த முறை ஆளை அசையாம மடியில பிடிச்சுக்கொண்டு, சவ்வு சிவப்பே இல்ல, எனக்கு அது சுகமான காது. ஆனா கிளினிக்கில காத்தழுத்தத்தைக் கூட்டிக் குறைச்சு சவ்வின்ர அசைவைக் கோடாக் கீறிக் காட்டுற டிம்பனோமெட்ரி மெசின்ல வச்சா மலை மாதிரி எழும்ப வேண்டிய கோடு தட்டையாக் கிடக்கு. சவ்வுக்குப் பின்னால பசை மாதிரித் தண்ணி நிக்குதாம். மூண்டு மாசம் பாப்பம், அனேகமாத் தானா வத்தும், வத்தாட்டி பிறகு யோசிப்பம் எண்டாங்க. வத்திட்டுது.

ஆக, சிவப்பா இருந்த காதில ஒண்டுமில்ல, வடிவா இருந்த காதில தண்ணி. கமரா பொய் சொல்லேல்ல, அது கதவை மட்டும் படம் பிடிக்குது, எங்களுக்குத் தேவை அறைக்குள்ள என்ன இருக்கு எண்டு. சவ்வு 0.1 மில்லிமீட்டர் அளவு மெல்லிசு, அதுக்குப் பின்னாலதான் நடுக்காது. அங்கயிருந்து மூக்குக்குப் பின்பக்கம் போற குழாய் சின்னப் பிள்ளையளுக்குக் கட்டை, சரிவும் குறைவு, அதாலதான் தடிமன் வந்தா உடன அடைக்கும், தண்ணி தேங்கும், கிருமி சேந்தா சீழ். டொக்டர்மாருக்கே இது லேசில்ல. அமெரிக்காவில 2001ல காது வீடியோக்களைப் போட்டுக் காட்டிச் சோதிச்சதில பிள்ளை வைத்தியர்மார் சரியாச் சொன்னது 50 வீதம்தான், காது மூக்கு தொண்டை ஆக்கள் 73 வீதம். அதை வாசிச்ச பிறகு என்னில இருந்த கோவம் கொஞ்சம் குறைஞ்சுது.

இனிப் புதுக் கருவியள். எனக்குத் தொழிலால விளங்கினது அமெரிக்காவில எம்ஐடி பல்கலைக்கழக ஆக்கள் 2016ல காட்டினது, அதில மூங்கி பவெண்டியும் இருக்கிறார், 2023ல குவாண்டம் டொட் எண்ட நுண்ணிய துகளுக்கு நோபல் வாங்கினவர். டிவி ரிமோட் வேலை செய்யுதா எண்டு பாக்க நாங்க போன் கமராவுக்கு முன்னால பிடிச்சு அமத்துவம், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஸ்கிரீன்ல மின்னும், செல்ஃபி கமராவில இன்னும் நல்லாத் தெரியும். அது 940 நனோமீட்டர் அளவு இன்ஃப்ராரெட். இவங்கள் பாவிச்சது அதைவிட நீளமான அலை, 1000க்கு மேல. அந்த வெளிச்சம் சவ்வைத் தாண்டி உள்ள போகும், 1450க்குக் கிட்ட தண்ணி அதைக் குடிச்சுப்போடும், அதால நடுக்காதில தண்ணி இருந்தா படத்தில கறுப்பா விழும். நல்ல ஐடியா. பிரச்சினை என்னெண்டா போன் கமராவில இருக்கிற சிலிக்கன் சென்சர் 1100ஓட குருடு, வேற விலைகூடின சென்சர் வேணும். ஆரும் உங்களுக்கு மலிவுக் கமராவைக் காட்டி இன்ஃப்ராரெட், சவ்வுக்குப் பின்னாலயும் தெரியும் எண்டா நம்பாதீங்க.

அடுத்தது ஓசிடி, வெளிச்சத்தை விட்டு உள்படம் எடுக்கிற ஸ்கேன். கண் டொக்டர்மார் விழித்திரை பாக்க கனகாலமாப் பாவிக்கிறது, 1991ல வந்தது. எங்கட கடற்தொழில் ஆக்கள் போட்டில வச்சிருக்கிற ஃபிஷ் ஃபைண்டர் மாதிரி எண்டு நினையுங்கோ, ஆனா சத்தத்துக்குப் பதிலா வெளிச்சம், ஆழம் அளக்கிற பாகத்துக்குப் பதிலா மைக்ரோன். இலினோய் பல்கலைக்கழகத்தில ஸ்டீபன் பொப்பார்ட் எண்டவரின்ர குழு அதைக் கையில பிடிக்கிற அளவுக்குச் சுருக்கி காதுக்குக் கொண்டுவந்தாங்க. சவ்வைக் குறுக்கா வெட்டிப் பாத்த மாதிரிப் படம் வரும், பின்னால தண்ணி தெளிவா கலங்கலா, சவ்வில ஒட்டின கிருமிப் படலம் இருக்கா எண்டும் தெரியும். அமெரிக்காவில அப்பிடி ஒரு கருவிக்கு, மருந்து, மருத்துவக் கருவியளைப் பாக்கிற அரச நிறுவனம் எஃப்டிஏயின்ர அனுமதியும் கிடைச்சிருக்கு.

எனக்குப் பிடிச்சது வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2019ல செய்தது, படமே இல்ல. போன் ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் மேல பேப்பரைச் சுருட்டி புனல் மாதிரி ஒட்டிக் காதில வச்சா போன் குருவி மாதிரிக் கீச்சிட்டுத் திரும்பி வாற எதிரொலியைக் கேக்கும். காஸ் சிலிண்டரைத் தட்டிப் பாத்து எவ்வளவு கிடக்கு எண்டு சொல்லுறம் இல்லையா, அதே கணக்கு. தண்ணி இருந்த காதில 85 வீதம் சரியாக் கண்டுபிடிச்சிருக்கு.

2024ல பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆக்களின்ர ஏஐ ஒண்டும் வந்தது, 635 பிள்ளையளின்ர ஆயிரத்துச் சொச்சம் காது வீடியோவில பழக்கிச் சோதிச்சது, காதில இன்பெக்‌ஷனா எண்டு சொல்லுறதில 93 வீதத்துக்கு மேல சரி. இது சாதாரண வீடியோவைத்தான் பாக்குது, அப்ப நான் மேல சொன்னது பிழையா எண்டு நீங்க கேக்கலாம். இல்ல, அது நிறத்தை மட்டும் பாத்துச் சொல்லேல்ல, முக்கியமா சவ்வு வெளியால பிதுங்கியிருக்கா எண்டு பாக்குது. நான் சிவப்பைப் பாத்தன், பிதுக்கத்தைப் பாக்கத் தெரியேல்ல. எங்கட ஊருக்கு முதல்ல வரக்கூடியதும் இதுதான் எண்டு நான் நினைக்கிறன், மூதூர், கிண்ணியாப் பக்கம் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியளுக்கு ஒரு போனும் ஒரு நல்ல லென்சும் காணும்.

இவ்வளவு மினக்கெடுறது ஏன் எண்டா அன்டிபயோட்டிக் குடுக்கிறதா விடுறதா எண்டது இதிலதான் நிக்குது. வெறும் தண்ணிக்கு அது தேவையில்ல. ரெண்டு வயசு தாண்டின பிள்ளைக்கு லேசான இன்பெக்‌ஷன் எண்டாக்கூட வலிக்கு மருந்து குடுத்து 48இல இருந்து 72 மணித்தியாலம் பாக்கலாம் எண்டு அமெரிக்கப் பிள்ளை வைத்தியர் சங்கமே சொல்லுது, ஆனா அந்த முடிவு டொக்டரின்ர, என்ர உங்கட இல்ல.

மகளுக்கு அடிக்கடி வருதெண்டபடியா, கமராக் காசை வச்சிருந்து ஒருக்கா காது மூக்கு தொண்டை (ஈஎன்டி) கிளினிக்கில காட்டி டிம்பனோமெட்ரி செய்யலாமா எண்டு கேளுங்கோ, வலி இல்லாத நாளிலயும் கேள்வி குறையுதா எண்டு பாருங்கோ. காதுக்குப் பின்னால வீங்கி காது முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிண்டா இரவு பகல் பாக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ. என்ர கமரா இப்ப கடையில கிடக்கு, சார்ஜிங் போட்டுக்குள்ள தூசி அடைச்சிருக்கா எண்டு பாக்க நல்ல சாமான்.