தாய்வழி என்றால் தாயின் தவறா?

கேள்வி:

என் மகனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. மூன்றரை வயதில்தான் நடந்தான். இரண்டு கைகளையும் மடக்கித் தூக்கிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடப்பான். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எப்போதும் சிரிப்பு, ஊசி போட்டால்கூடச் சிரிக்கிறான். இரண்டு வயதிலிருந்து வலிப்புக்கு மருந்து கொடுக்கிறோம். ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினாலே அதிகம். தண்ணீரைக் கண்டால் விடமாட்டான். எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டியே பாசன வாய்க்கால். போன வருஷம் ஒருமுறை படித்துறை வரை போய்விட்டான்.

போன மாதம் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. ‘ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம், தாய்வழி 15ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இல்லை’ என்று எழுதியிருக்கிறது. அதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. என் மாமியார் எனக்குச் சொந்த அத்தைதான். “உன் அம்மா வழியில் வந்த கோளாறு, டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார்” என்கிறார். ஊரில் சொந்தத்தில் கட்டியதால் என்கிறார்கள். கிரகணத்தன்று நான் வெளியே போனதும் பேச்சாகிறது. எனக்கும் விவசாயம் பார்க்கும் என் கணவருக்கும் கறுப்பு நிறம். இவன் மட்டும் வெளுப்பு, செம்பட்டை முடி. அதை வைத்தும் பேசுகிறார்கள். எழுதவே கை கூசுகிறது. என் தங்கைக்கு வந்த வரனும் இதைக் கேள்விப்பட்டு நின்றுவிட்டது. எல்லாம் என்னால்தானா? என்னை அம்மா என்று கூப்பிடுவானா? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

– பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்களால் இல்லை. உங்கள் அம்மாவாலும் இல்லை. இதை உங்கள் மனசைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கிற அந்தப் பரிசோதனைத் தாளே அதைத்தான் சொல்கிறது. அதைப் படித்தவர்கள் ‘தாய்வழி’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள்.

உடம்பின் செல்களில் 23 ஜோடி குரோமோசோம்கள், அதாவது மரபணுக்களைத் தாங்கிய இழைகள், இருக்கின்றன. ஜோடியில் ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கம் தாங்கிக்கொள்ளும். சில மரபணுக்கள் அப்படி இல்லை. 15ஆம் குரோமோசோமில் இருக்கிற யுபிஇ3ஏ என்ற மரபணு அவற்றில் ஒன்று. மூளையின் நரம்பு செல்களில் அம்மா தந்த யுபிஇ3ஏ மட்டும்தான் வேலை செய்யும். அப்பா தந்தது அங்கே அடங்கிக் கிடக்கும். உங்களுக்கு, எனக்கு, உங்கள் அத்தைக்கு, ஊரில் எல்லோருக்கும் இதே கதைதான்.

உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். ஒரு வயலுக்கு மேற்கே ஒரு வாய்க்கால், கிழக்கே ஒரு வாய்க்கால். இரண்டிலிருந்தும் மடை இருக்கிறது. ஆனால் மேற்கு மடையை ஊரில் எல்லார் வயலிலும் அடைத்தே வைத்திருக்கிறார்கள். பாய்ச்சல் முழுக்கக் கிழக்கு மடை வழியாகத்தான். உங்கள் பிள்ளையின் வயலில் அந்தக் கிழக்கு வாய்க்கால் ஒரு இடத்தில் தூர்ந்துபோய்விட்டது. மேற்கு வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது, மடைதான் அடைபட்டிருக்கிறது. அப்பா பக்கத்து மரபணு நல்லபடியாக இருந்தும் உதவாமல் போவது இப்படித்தான். அந்த அடைப்பை எடுத்துவிட முடியுமா என்றுதான் இப்போது மருந்து ஆராய்ச்சிகள் நடக்கின்றன. மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் கட்டத்துக்கு வந்திருக்கின்றன. மருந்துக் கடையில் கிடைக்கிற நிலை இன்னும் வரவில்லை. யாராவது ‘மரபணுவையே சரிசெய்கிறோம்’ என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, அந்தத் துண்டு எப்படித் தொலைந்தது? கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். 15ஆம் குரோமோசோமில் இந்த இடம் வழுக்கலான இடம். ஒரே மாதிரியான எழுத்து வரிசைகள் இரண்டு பக்கமும் இருப்பதால் இடம் மாறிப் பொருந்தி, நடுவில் இருப்பது விட்டுப்போய்விடுகிறது. இதே துண்டு அப்பாவின் விந்தணு உருவாகும்போது தொலைந்திருந்தால் ப்ராடர்-வில்லி என்று வேறொரு கோளாறு வந்திருக்கும். அப்போது உங்கள் அத்தை யாரைச் சொல்லியிருப்பார்? சொந்தத்தில் கட்டுவதால் சில மரபணு நோய்களுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை, அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் துண்டு தொலைந்து வரும் இந்தக் கோளாறுக்கு அது காரணமில்லை. சொந்தமே இல்லாதவர்களைக் கட்டியவர்களுக்கும் இதே மாதிரி பிறக்கிறது. உலகத்தில் சுமார் 12,000 முதல் 20,000 குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கு. கிரகணத்தைப் பற்றி ஒரே வரி: அந்தத் துண்டு தொலைந்தது நீங்கள் கர்ப்பம் ஆவதற்கு முன்பு.

நிறத்தைப் பற்றி எழுதக் கை கூசியது என்றீர்கள். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. தொலைந்த துண்டில் யுபிஇ3ஏ மட்டும் இல்லை. பக்கத்திலேயே தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற ஒரு மரபணுவும் இருக்கிறது. அதிலும் ஒரு பிரதி போய்விட்டதால்தான் குடும்பத்தில் மற்றவர்களைவிடப் பிள்ளை வெளுப்பாக, செம்பட்டை முடியோடு இருக்கிறான். துண்டு தொலைந்த வகையில் இது மருத்துவர்கள் எதிர்பார்க்கிற அடையாளம். இந்தப் பத்தியை உங்கள் கணவர் படிக்கட்டும். பேசியவர்களுக்கு அவரே பதில் சொல்லட்டும்.

ஏஞ்சல்மேன் என்பது ஒரு டாக்டரின் பெயர். ஹாரி ஏஞ்சல்மேன் என்ற இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் 1965ல் மூன்று குழந்தைகளிடம் இதே நடை, இதே சிரிப்பு, இதே வலிப்பு இருப்பதைக் கவனித்து எழுதினார். குரோமோசோமில் துண்டு தொலைவது 1987ல் தெரிந்தது. யுபிஇ3ஏதான் காரணம் என்று 1997ல் உறுதியானது. பிறந்தபோது ஒரு வித்தியாசமும் தெரியாது என்பதால் மூளை வாதம், ஆட்டிசம் என்று பெயர் மாறி மாறி அலைகிற குழந்தைகள் நிறைய. நானும் தஞ்சைப் பக்கம் வைத்தியம் பார்க்க ஆரம்பித்த காலத்தில் ஒரு பெண் குழந்தையை மூளை வாதம் என்றே பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா வரும்போதெல்லாம், “இவ சிரிக்கிறது வேற மாதிரி இருக்கு டாக்டர்” என்பார். நான் காதில் வாங்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு நாலு வயதிலேயே பெயர் தெரிந்திருப்பது பெரிய விஷயம்.

ஊசிக்குக்கூடச் சிரிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கவனத்தில் வையுங்கள். இவன் சிரிப்பெல்லாம் சந்தோஷம் இல்லை. பயத்திலும் சிரிப்பான், வலியிலும் சிரிப்பான். அதனால் பல்வலியோ மலச்சிக்கலோ இருந்தால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சோறு இறங்கவில்லையா, வழக்கத்தைவிட அதிகமாகக் கையைக் கடிக்கிறானா, தூக்கம் இன்னும் குறைந்துவிட்டதா என்று பாருங்கள்.

இப்போது தண்ணீர். இந்தக் குழந்தைகளில் நிறையப் பேருக்குத் தண்ணீர் மேல் ஒரு தனி மோகம். அலை அடிப்பதும் வெளிச்சம் பட்டுப் பளபளப்பதும் அவர்களை இழுக்கும். நம் ஊர்களில் இது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை யோசித்தீர்களா? கோடை முழுக்க வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. பிள்ளைகள் அதில் இறங்கி ஓடி விளையாடுகிறார்கள், இவனும் கூடப் போயிருப்பான். வழக்கப்படி ஜூன் 12ல் மேட்டூரைத் திறந்தால் கொஞ்ச நாளில் தண்ணீர் உங்கள் கொல்லைக்கு வந்துவிடும். நேற்று நடந்த இடம் இன்று முங்குகிற இடம். மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியும். இவன் சிரித்துக்கொண்டே இறங்குவான், சத்தம்கூடப் போடமாட்டான். கொல்லைக் கதவுக்கு அவன் கை எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். வேலிப் படலில் சந்து இல்லாமல் கட்டச் சொல்லுங்கள். காலில் சலங்கை மணி வைத்த கொலுசு போட்டுவிடுங்கள். ஆண் பிள்ளைக்குக் கொலுசா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அக்கம்பக்கத்து வீடுகளிலும், வயலுக்குப் போகிறவர்களிடமும், இவன் தனியாக வந்தால் தூக்கிக்கொண்டு வந்து விடுங்கள் என்று சொல்லி வையுங்கள். தண்ணீர் பிடித்து வைத்த அண்டாவும் வாளியும் மூடியே இருக்கட்டும்.

அதே தண்ணீர்தான் அவனுக்குப் பேச்சு சொல்லித் தரப் போகிறது. அம்மா என்று கூப்பிடுவானா என்று கேட்டீர்கள். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன்: இந்தக் கோளாறு உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சு வருவதில்லை. சிலருக்கு ஒன்றிரண்டு வார்த்தை வரும். துண்டு தொலைந்த வகையில் அதுவும் குறைவு. ஆனால் அவர்கள் புரிந்துகொள்வது, சொல்வதைவிட எவ்வளவோ அதிகம். உங்கள் அத்தை பேசுவதில் கொஞ்சம் அவனுக்கும் புரிகிறது என்று நினைத்துக்கொண்டே வீட்டில் பேசுங்கள்.

உங்கள் வீட்டுக் குழாயைப் போட்டோ எடுத்து, உள்ளங்கை அளவுக்கு அட்டையில் ஒட்டி, மேலே செலோ டேப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசினில் நாலு விரல் தண்ணீர். அவன் பேசினுக்குக் கை நீட்டும்போது நீங்கள் எதிரே உட்கார்ந்திருங்கள். அவன் பின்னால் உங்கள் கணவர் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்து அட்டையை எடுத்து உங்கள் கையில் வைக்கச் செய்ய வேண்டும். வைத்த அந்த நொடியே “தண்ணி!” என்று சொல்லிப் பேசினை நகர்த்திக் கொடுங்கள். ஒரு நிமிஷம் அடித்து விளையாடட்டும். எடுத்துவிட்டு மறுபடி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போதும். சில வாரத்திலோ, மாதக் கணக்கிலோ, அவனே அட்டையை எடுத்துக்கொண்டு வந்து உங்கள் கையில் திணிப்பான். அப்புறம் சோறு, வெளியே போகணும், அப்பா. உங்கள் போட்டோவும் ஒரு அட்டையில் இருக்கட்டும். தண்ணீர் வைத்திருக்கும்போது மட்டும் பக்கத்தைவிட்டு நகராதீர்கள், நாலு விரல் தண்ணீர்தானே என்று எண்ண வேண்டாம்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிஷம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலில் வலிப்பு கூடும். எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். கார்பமாசெபைன் போன்ற சில வலிப்பு மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பை அதிகமாக்கிவிடலாம். தூக்கத்துக்கு மெலடோனின் என்ற மருந்து சிலருக்கு உதவுகிறது, நரம்பு டாக்டரிடம் கேளுங்கள். நீங்களும் கணவரும் ராத்திரியைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் தூக்கமும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

இயன்முறைப் பயிற்சிக்கு மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தை, டிஇஐசி என்று சொல்வார்கள், அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யுடிஐடி என்கிற அடையாள அட்டைக்கும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் எழுதிப் போடுங்கள். நிராமயா என்ற அரசுக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், அதையும் அங்கேயே கேளுங்கள்.

இன்னொரு குழந்தை பற்றி. ஏஞ்சல்மேனில் சுமார் 70 சதவீதம் உங்கள் பிள்ளைக்கு இருக்கிற வகைதான், துண்டு தொலைந்தது. பெரும்பாலும் அது புதிதாக நேர்ந்தது. அடுத்த குழந்தைக்கும் வர வாய்ப்பு 100க்கு 1க்கும் குறைவு. மரபணுவிலேயே எழுத்துப் பிழை இருக்கிற வகை வேறு, அதில் சிலருக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதனால்தான் வகை தெரிவது முக்கியம். உங்களுக்கு ஒரு குரோமோசோம் ரத்தப் பரிசோதனை மட்டும் செய்துகொள்ளுங்கள். எப்போதாவது அம்மாவின் குரோமோசோம் இடம் மாறி ஒட்டியிருக்கும், அது இல்லை என்று உறுதி செய்யத்தான். வேலூர் சிஎம்சியில் மரபியல் துறை இருக்கிறது; கணவரோடு ஒருமுறை போய் ஆலோசகரைப் பாருங்கள். அடுத்த கர்ப்பத்தில் 11ஆவது வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவையோ, 16ஆவது வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்கவும் முடியும்.

உங்கள் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் உங்கள் தங்கைக்கு இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்து, வரன் வீட்டாரிடம் நீங்களே காட்டுங்கள். வேலூருக்குப் போகும்போது முடிந்தால் அத்தையையும் அழைத்துப் போங்கள். டாக்டர் எழுதியதைத்தானே அவர் நம்புகிறார், டாக்டர் வாயாலேயே கேட்கட்டும். அவர் பேரனைத் தூக்கி வளர்த்தவர்தான், அவருக்கும் பயம் இருக்கும்.

அதெல்லாம் மெதுவாக நடக்கட்டும். கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளை மட்டும் இந்த வாரமே மேலே ஏற்றிவிடுங்கள்.