மாத்திரை போட்டால் விசுவாசம் குறைந்துவிடுமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 31. இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. காரணமே இல்லாமல் அழுகிறேன், பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது. எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் சொன்னேன், "ஜெபம் குறைஞ்சுபோச்சு, உபவாசம் இரு" என்றார்கள். டாக்டரிடம் போனால் ஆண்டவரை நம்பாதது போல ஆகிவிடுமா?
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று. பால் கொடுக்கிற நீங்கள் இப்போது உபவாசம் இருக்க வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

பிரசவம் ஆன முதல் இரண்டு வாரம் வரும் அழுகை பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஐந்தாவது மாதத்திலும் தூக்கமில்லாமல், பிள்ளையைப் பார்த்தாலே பயம் வருகிறது என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் பெண்கள் ஐக்கியத்தில் இருபது தாய்மார் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதில் எத்தனை பேர் வாயைத் திறக்காமலே அந்த நாட்களைக் கடந்திருப்பார்கள்!

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்க் கீர்த்தனை பாடிவிட்டு வந்து, வீட்டில் அடுப்புப் பற்றவைக்காமல் படுத்துக் கிடந்தவள் நான். சபையில் ஒருவர் "துக்கம் போதும், சாட்சி கெட்டுப்போகும்" என்று சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. கடைசியில் என் மகள்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அதன் பிறகுதான் எனக்கு ஒழுங்காக ஜெபம் பண்ணவே முடிந்தது, அதற்கு முன் முழங்காலில் நின்றால் வெறும் இருட்டு.

நம் பக்கத்து டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும் வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அந்த அறைக்குள் இருந்துதான் எழுதிக்கொண்டே இருந்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வோமா? உடம்பு படுத்தால் ஒரு நியாயம், மனசு படுத்தால் ஒரு நியாயம் என்று எங்கிருந்து கற்றுக்கொண்டோம் என்று எனக்குப் புரியவில்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் ஜெபம் பண்ணியதோடு நிற்காமல் பள்ளிக்கூடமும் கட்டியவர்களின் வழியில் வந்த சபை நம்முடையது.

தூத்துக்குடியிலோ பாளை ஹைகிரவுண்டிலோ அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. பால் கொடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள், அதற்கு ஏற்ற மாத்திரைகள் உண்டு. தைராய்டும் ரத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தாதீர்கள். அதுவரை 14416-க்கு, டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், ராத்திரி இரண்டு மணிக்கானாலும் போன் பண்ணலாம், தமிழிலேயே பேசலாம். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் தனியாக இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐக்கியத்து அக்காமாரிடம் நான் கேட்பது, உபவாசத்தை நீங்கள் இருங்கள், இந்தப் பெண்ணுக்கு ஒரு வேளை சோறு கொண்டுபோய்க் கொடுத்துப் பிள்ளையை இரண்டு மணி நேரம் வைத்திருங்கள்.

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். நெல்லைப் பக்கத்து ஆள் யாரைச் சந்தித்தாலும் "எந்த ஊர், எந்தச் சேகரம் (ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகள்)" என்று கேட்டே என் சாதியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்படியானால் நான் கிறிஸ்தவன் என்பதற்கு என்ன அர்த்தம்?
- ஒரு வாசகர், முதலூர்

பதில்: தம்பி, உங்கள் ஊரே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கிறிஸ்தவர்களான பிறகு சொந்த ஊரில் வாழ முடியாமல் துரத்தப்பட்டவர்களுக்காக 1799-ல் உண்டான ஊர், அதனால்தான் அது முதல் ஊர், முதலூர். புதிதாக ஒரு பெயரோடு வாழத்தான் அவர்கள் அங்கே வந்தார்கள். இன்றைக்கு அதே ஊர்ப் பெயரை வைத்துப் பழைய பெயரைத் தேடுகிறார்கள்.

இதைவிடப் பழசும் ஒன்று உண்டு. 1780-ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர், அவர்களில் முக்கியமானவர் கிளாரிந்தா, தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை. சாதி, ஊர், உறவு எல்லாம் விட்டுவந்த பெண். 1785-ல் அவர் கட்டிய கோயிலை நம் ஜனங்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? பாப்பாத்தியம்மாள் கோயில். ஞானஸ்நானத்தில் புதுப்பெயர் எடுத்த அம்மாவுக்கு ஊர் திரும்பவும் சாதியையே பெயராக வைத்துவிட்டது. அன்போடுதான் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் எனக்கு அது வலிக்கிறது.

ஊரை மறைக்காதீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் கையில் இருப்பது வேறு. சபையார் எல்லாரும் சேர்ந்து விருந்து சாப்பிடும் அசனப் பண்டிகையில் யாரோடு வேண்டுமானாலும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், ஆனால் கல்யாண விளம்பரம் என்று வரும்போது சாதிப் பெயரைப் போட்டுத்தான் "மணமகள் தேவை" என்கிறோம். உங்கள் விளம்பரத்தில் அந்த ஒரு வார்த்தையைப் போடாமல் விடுங்கள். வீட்டில் பெரிய சண்டை வரும், தெரியும். அந்தச் சண்டையைப் போடாமல் நாம் யார் என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை.

கேள்வி: கிறிஸ்தவர்கள் பொது விஷயத்தில் தலையிடாமல் ஜெபம் மட்டும் பண்ணினால் போதும் என்கிறார் என் அப்பா. சரியா?
- ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: அப்பாவுக்கு மரியாதையோடு சொல்லுங்கள், இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கோயில் மட்டும் கட்டவில்லை, தெருவும் பள்ளிக்கூடமும் சேர்த்துத்தான் உண்டாக்கினார். நீங்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஊராட்சிகளில் கிராமசபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்களுடையது பேரூராட்சி என்றால் பக்கத்து ஊராட்சியில் இருக்கிற சபைக்காரர்களைப் போகச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துக் குளம் தூர்வாரியாச்சா என்று எழுந்து கேட்கச் சொல்லுங்கள், கேட்டதைத் தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்தாகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அந்தக் குளத்துத் தண்ணீர் எல்லார் வயலுக்கும்தான் போகிறது.