மாடு, தோட்டம் பார்த்துக்கொண்டே பெரிய மரச்சிற்பம் செதுக்க முடியுமா?

கேட்டவர் எழுதியது இவ்வளவுதான்: "ஊரில் விழுந்த வாகை மரத்தின் அடித்துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. தினசரி விவசாய வேலைகளுக்கு நடுவே அதில் ஒரு பெரிய சிற்பம் செதுக்க நேரம் கிடைக்குமா?"

நேற்று சாயங்காலமே பதில் எழுத உட்கார்ந்தேன். ரெண்டு வரி அடிப்பதற்குள் ஒரு மாடு பருவத்துக்குக் கத்த ஆரம்பித்துவிட்டது. சினை ஊசி போடுகிறவருக்குப் போன் போட்டு, அவர் வந்து போகும்போது மணி எட்டு. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

வெளியூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். இங்கேயே கிடப்பவன் "அடித்துண்டு" என்று எழுதமாட்டான், கட்டை என்பான். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். அந்தக் கட்டை இப்போது வெயிலில் கிடக்கிறதா? கிடந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, சாணியும் களிமண்ணும் குழைத்து ரெண்டு முனையிலும் கனமாக அப்பி, ஈரச்சாக்குப் போர்த்திவிட்டு வாருங்கள். மரம் முனை வழியாகத்தான் சீக்கிரம் காயும். சீக்கிரம் காய்ந்த இடம்தான் முதலில் வெடிக்கும்.

நான் இருப்பது பெரம்பலூர் மாவட்டம், பச்சைமலை அடிவாரம். மூன்று ஏக்கர். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், நாலு கறவை மாடு. அரும்பாவூர் எங்களுக்குப் பக்கம்தான். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மரச்சிற்பம் அந்த ஊருடையது. தெருவில் நடந்தாலே உளிச் சத்தம் கேட்கும். ஆனால் நான் அந்தத் தொழில்காரன் இல்லை. சின்ன வயதில் அங்கே ஒரு பட்டறையில் லீவு நாட்களில் மரத்தூள் கூட்டியிருக்கிறேன், உளி சாணை பிடித்துக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். "முறைப்படி கற்காதவன் எதற்குப் பதில் சொல்ல வருகிறான்" என்று சிலர் வருவார்கள். அவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் செய்தது சாமி சிலை இல்லை. படுத்திருக்கும் ஒரு காளை.

எங்கள் கிணற்று மேட்டில் நின்ற வாகை ஒரு ஆடிக் காற்றில் சாய்ந்தது. மாசி, பங்குனியில் அதன் நெற்று காய்ந்து சலசலவென்று இரவெல்லாம் சத்தம் போடும். தண்ணீர் கட்டப் போகும் ராத்திரிகளில் அதுதான் துணை. விறகு வியாபாரி வந்து கிளைகளையெல்லாம் வெட்டி எடுத்துப்போனார். அடிமரத்தில் ஆறடி நீளத்தை மட்டும் கொடுக்கவில்லை. இரண்டரை அடி குறுக்களவு. பச்சை மரம், முக்கால் டன்னுக்குக் குறையாது. டிராக்டரில் சங்கிலி கட்டி மாட்டுக்கொட்டகை ஓரம் இழுத்துப் போட்டோம்.

காளை என்று தெரிந்ததும் சித்தப்பா கேட்டார்: "சாமி செஞ்சாலும் கும்பிடலாம். மாடுதான் கொட்டகையில நாலு நிக்குதே, கட்டையில வேற எதுக்குடா?" இன்று வரை இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொட்டகையில் நாலு நின்றும் பிரயோசனம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாம் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, ஜெர்சி கலப்பு, சீமை இனத்துக் கலப்பு மாடுகள். ஒன்றுக்கும் திமில் கிடையாது, அலைதாடியும் (கழுத்துக்கு அடியில் தொங்கும் தோல்) இருக்கிறதா இல்லையா என்கிற அளவுதான். பின்னங்கால் மடிப்பு, விலா, முதுகெலும்பு எல்லாம் பால் கறக்கும்போதே பார்த்துப் படித்தேன், கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தேன். திமிலுக்கு மேற்குக்காட்டு அண்ணன் வளர்க்கும் ஜல்லிக்கட்டுக் காளையிடம் போகவேண்டியிருந்தது. அது என்னைக் கிட்டவே விடவில்லை. அவர் தவிடு காட்டிக்கொண்டே தன் கையால் சாண் போட்டு அளந்து, "முன்னால ஒன்றரை சாண், பின்னால சரிவு" என்று சத்தமாகச் சொல்ல, வேலிக்கு வெளியே நின்று நான் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டேன். (சிகரெட் அவருடையது.)

நேரம். விடிய நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, ஆறு மணிக்குச் சொசைட்டியில் ஊற்றவேண்டும். அப்புறம் புல் அறுப்பு, களை, மருந்தடிப்பு. மூணு மணிக்கு மறுபடியும் பால். மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் ராத்திரி முறையில் வந்தால் தூக்கமும் போச்சு. மிச்சம் கிடைப்பது மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை. ஊரே சாப்பிட்டுச் சாயும் நேரம், நான் உளியும் கொட்டாப்புளியுமாக (உளியைத் தட்டும் மரச் சுத்தியல்) உட்காருவேன். தினசரி காலண்டரில், மாடு கன்று போடும் தேதி குறிக்கும் அதே இடத்தில், உளி பிடித்த நாட்களுக்கு ஒரு கோடு போட்டு வந்தேன். பதினாலு மாதத்தில் 211 கோடு.

வாகைத்தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்ளுங்கள். கிரைண்டர் வைத்து இழைத்தால் ரெண்டு மடங்கு தூள். பச்சையாக இருக்கும்போதே பெரிய வெட்டுகளை முடித்துவிடுங்கள், அப்போதுதான் உளி இறங்கும். வெளிச்சுற்றில் வெளுப்பாக இருப்பதை முடிந்தவரை செதுக்கித் தள்ளிவிடுங்கள், வண்டு விழுந்து உளுத்துப்போவது அதுதான்.

இனி நான் கெடுத்த கதை. ஐப்பசியில் வெங்காயம் நட்டதும் கட்டைப் பக்கம் போகவே முடியவில்லை. அறுவடை முடிந்து, விலை இல்லாமல் வெங்காயத்தைக் குவித்துப் பட்டறை போட்டு மூடி, நிமிர்ந்தபோது தை மாதம். மூணு மாதம் சாக்கு நனைக்க ஆள் இல்லை. கழுத்திலிருந்து விலா வரை விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. நான் புத்திசாலித்தனமாக அதில் பசையும் மரத்தூளும் கலந்து அடைத்தேன். அடுத்த மழைக்கு மரம் ஊதி, வெடிப்பு மூடப் பார்த்து, அடைத்ததெல்லாம் புண்ணில் சதை வளர்ந்த மாதிரி வெளியே பிதுங்கி நின்றது.

அரும்பாவூரிலிருந்து அந்தப் பழைய பட்டறைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சுற்றிச் சுற்றி வந்தார். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தம்பி, வயித்துக்குள்ள சோத்த அப்படியே வச்சிருக்கியே, அது வெடிக்காம என்ன பண்ணும்? கவுத்துப்போட்டுக் குடை" என்றார். சோறு என்றால் மரத்தின் நடு மையத்தில் இருக்கும் மெத்தென்ற பகுதி. அந்த நடுச்சோறு உள்ளேயே இருக்கும் உருண்டைக் கட்டை காயும்போது சுற்றளவில்தான் அதிகம் சுருங்கும். உள்ளே சுருங்க இடமில்லாததால் வெளியே பிளந்துகொள்கிறது. காளையைச் சங்கிலி போட்டுக் கவிழ்த்து, செயின்சாவால் வயிற்றைத் தோண்டி, நாலு விரல் கனத்துக்குச் சுவரை விட்டேன். ரெண்டு சாக்குத் தூள், சக்கை வந்தது. வெடிப்புக்குள் பசை போடாமல் அதே வாகையில் சீவிய ஆப்பை இறுக்கி வைத்தேன். இன்றும் தெரியும், தழும்பு மாதிரி. அதற்குப் பிறகு பெரிதாக வெடிக்கவில்லை.

கொம்பு விஷயத்தில் மட்டும் நான் பொய் சொல்லியிருக்கிறேன். ஒரே கட்டையில் எடுத்தது என்று பார்க்க வந்தவர்களிடம் சொன்னேன். உண்மையில் முதல் கொம்பு ஒரே கட்டைதான். நார் ஓட்டத்துக்குக் குறுக்கே போனதால், கொட்டாப்புளி லேசாகப் பட்டதும் முறுக்குப் போல ஒடிந்து கையில் வந்துவிட்டது. இப்போது இருக்கும் ரெண்டும் புளியமரம், மூங்கில் ஆணி அடித்துச் சொருகியவை.

பால் விஷயமும் ஒன்று சொல்லியாகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று தெரியும். ஒருநாள் ஒரே கேனில் இருந்த பாலை என் அட்டையில் பாதியும் தம்பி அட்டையில் பாதியும் ஊற்றினேன். மெஷினில் ரெண்டுக்கும் வேறு வேறு எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து) வந்தது. லிட்டருக்கு ஒண்ணேகால் ரூபாய் வித்தியாசம். கேட்டதற்கு "மேல் பால், அடிப் பால்" என்று விளக்கம். நன்றாகக் கலக்கித்தான் ஊற்றினேன். எந்த ஊர், எந்தச் சங்கம் என்று சொல்லமாட்டேன், நாளைக்கும் அங்கேதான் ஊற்றியாகவேண்டும். மரத்தை விரற்கடை கணக்கில் அளப்பவனுக்கு இதெல்லாம் உறுத்தும்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். மதியம் ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைத்தது என்று எழுதினேன் இல்லையா, அதை என் வீட்டுக்காரம்மா படித்தால் சிரிப்பார். அந்த நேரத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டியது, புல் நறுக்கியது, கன்றை அவிழ்த்துக் கட்டியது எல்லாம் அவர்தான். கோடு போட்ட 211 நாளில் பாதி நாள் மூணு மணிப் பாலையும் அவரே கறந்தார். நான் ஏதோ ஒரு மடிப்பில் மூழ்கி, "இதோ வந்துட்டேன்" என்றே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மட்டும் கேட்டார், "அந்தக் காளை எத்தனை லிட்டர் கறக்கும்?" சண்டை இல்லை, சும்மாதான் கேட்டார். மறுநாளிலிருந்து போனில் ரெண்டே முக்காலுக்கு அலாரம் வைத்துக்கொண்டேன். உங்களிடமும் யாராவது அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கொடுக்கப்போகிறார்கள் என்றால், கட்டையில் உளி வைப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

காளை இப்போது கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. குடைந்த வயிற்றுக்குள் ஒரு கோழி அடை உட்கார்ந்திருப்பதால் இருபது நாளாகக் கொட்டாப்புளி தொடவில்லை. இடது காது இன்னும் பாக்கி.